உள்ளே ‘இருக்கு’, வெளியே ‘இல்லை’

அலுவலகத்தில் அவளுக்கு மச்சக்காரி என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் யாராவது விவரம் தெரியாமல், “லாட்டரி ஏதாவது விழுந்துச்சா மேடம்?” என்று கேட்டுவைப்பார்கள். காரணம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறைக்கு நேர் மேலே இருக்கும் பதிவு அறையில் அவளுக்கு வேலை. பெயர் ஊர் தெரியாமல் வந்து சேரும் உடல்களின் மச்சம், தழும்பு, பச்சை, பல்வரிசை, போட்டிருந்த துணி எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஆளைக் காணோம் என்று தேடி வருகிறவர்கள் சொல்லும் அடையாளத்தை அதில் தேடிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அந்த அறையில் இரண்டே இரண்டு பதில்கள்தான். தேடல் பெட்டியில் அடையாளத்தைப் போட்டுத் தட்டினால் ஏதாவது பொருந்தும், அல்லது ‘இல்லை’ என்று வரும். வெளி உலகத்தில் ‘இருக்கு’ என்றால் மனசு குளிரும், ‘இல்லை’ என்றால் முகம் வாடும். இங்கே எல்லாம் தலைகீழ். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்கத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “இல்லைங்க” என்று அவள் சொன்னதும் சிலர் சிரித்துவிடுவார்கள். ஒரு பெண்மணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டுக்கூட இருக்கிறாள்.

‘இருக்கு’ என்று சொல்ல வேண்டிய நாட்களில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டாள். “கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க” என்பாள். அதிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பகலில் டைப் செய்த தழும்பெல்லாம் மண்டைக்குள்ளேயே குடியிருக்கும். சாப்பாடு பரிமாறும்போது கணவரின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவர் பஸ் டிரைவர், தமாஷான மனுஷன். “என்ன, என்னையும் பதிவு பண்ணப் போறியா? இந்த முழங்கையில ஒண்ணு விட்டுப்போச்சு பாரு” என்று காட்டுவார். சிரிப்பார்களே ஒழிய, அவளுக்கு உள்ளே பதறும். கடைசியில் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். டைப் செய்வது என் வேலை, ஞாபகம் வைத்துக்கொள்வது கணினியின் வேலை. ஒரு உடலின் பதிவை முடித்து ‘சேமி’ என்பதைத் தட்டியதும் அதை மனசிலிருந்து துடைத்துப் போட்டுவிடுவாள். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இருபத்திரண்டு வருஷம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அந்தப் பழக்கத்தாலேயே இந்தக் கதையும் நடந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் பழைய கணினி மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதைச் செய்து கொடுத்த கணினிக்காரரே புதிது ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பதிவுகள் மொத்தமும் அடங்கிய தரவுத்தளத்தை முதலில் நேராகப் புதுக் கணினியிலேயே ஒரு பிரதி எடுத்துப் போட்டுப் பார்த்தார். தரவுத்தளம் ஓடியது. ஆனால் பதிவு செய்யும் பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஓடமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. அதனால் அவர் புதுக் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கினார். வர்ச்சுவல் மெஷின் என்றார். தொட்டுப் பார்க்க முடியாது. திரையில் ஒரு ஜன்னலாகத் தெரியும். ஆனால் தான் ஒரு தனி மெஷின் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். பழைய மென்பொருளையும் தரவுத்தளத்தையும் அதற்குள் குடிவைத்தார்.

“உள்ள இருக்கிற மெஷின்ல பதிவு பண்ணுங்க மேடம். தேடுறது மட்டும் வெளியிலயே இருக்கட்டும், அதான் வேகம். தேடல் புரோகிராம்ல முகவரின்னு ஒரு வரி இருக்கும். அதுல இந்த நாலு நம்பரைப் போட்டுடுங்க” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாளின் அடியில், ‘இணையவில்லை என்றால் எனக்கு போன் பண்ணவும்’ என்று கோடு போட்டும் எழுதியிருந்தார்.

அவள் நாலு எண்களையும் போட்டாள். ‘தொடர்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தது. இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் அதுவே. ஜன்னலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். எண்களை அழித்துவிட்டு, முன்பு அந்த வரியில் இருந்த ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற சொல்லையே திரும்பப் போட்டாள். பழைய கணினியில் இத்தனை வருஷமும் அந்தச் சொல்தான் இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் இணைந்துவிட்டது. சோதித்துப் பார்க்க, மூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவு ஒன்றைத் தேடினாள். வந்தது. ஒரே பெட்டி, ஒரே மேஜை, இதற்கு எதற்கு நாலு நம்பர் என்று நினைத்தாள். சாயங்காலம் வீட்டில், “கம்ப்யூட்டர்காரர் தடுமாறுனதை நான் ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன்” என்று பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

தையல்காரர் அதற்குப் பிறகுதான் முதல் தடவை வந்தார். அறுபதைத் தாண்டியவர், கழுத்தில் போட்ட டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். மகனுக்கு இருபத்தொன்பது வயசு. லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் போய்விட்டு வருவது அவனுக்கு வழக்கம்தான். இந்தத் தடவை பத்து நாள் இருபதாகிவிட்டது.

“அடையாளம் ஏதாவது சொல்லுங்க ஐயா.”

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். “தோள் பதினெட்டே கால். கை இருபத்தி நாலு. கழுத்து பதினஞ்சரை.”

“அளவு வேணாங்க. மச்சம், தழும்பு, அந்த மாதிரி.”

“வலது கால்ல ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்கும்மா. பிறவியிலயே.”

தட்டினாள். இல்லை என்று வந்தது. சொன்னாள். அவர் நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நடைவழி பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையும் வந்தார். செவ்வாய் கடைக்கு லீவாம். அதற்கடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும். நாலாவது தடவை வந்தபோது, அவராகவே சொன்னார்: “வீட்டுல அவ வாசல்லயே நிப்பாம்மா. நான் தெருமுனையில வரும்போதே தலையை ஆட்டிடுவேன், இல்லைன்னு. அதைப் பார்த்த பிறகுதான் உள்ள போய் அடுப்பைப் பத்த வைப்பா. அன்னிக்கு ஒரு நாள்தான் ஒழுங்கா சாப்பிடுவா.”

அன்று அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. பிணவறைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு ஒரு வீட்டில் அடுப்பெரிய வைக்கிறோமே என்று ஒரு பெருமை. அதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது செவ்வாய்க்கு முந்தைய நாள், திங்கட்கிழமை காலை பதினோரு மணி. கீழே பிணவறையில் வேலை செய்பவர் மாடி ஏறி வந்தார். “மச்சக்காரம்மா, காலையில வந்தவரு உயரம் நூத்தி எழுபத்தாறு. நீங்க நூத்தி அறுபத்தேழுன்னு போட்டிருக்கீங்க.”

திரையில் உள் மெஷினின் ஜன்னலில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கச் சோம்பலாக இருந்தது. தேடல் பெட்டியில் அந்த உடலின் எண்ணைப் போட்டாள். இல்லை.

காலையில் அவள் கையால் ஏற்றிய பதிவு. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். இல்லை. நேற்று முன்தினம் ஏற்றிய ஒன்றைப் போட்டாள். இல்லை. போன வாரம், இல்லை. போன மாதம், இல்லை. இரண்டு மாதம், மூன்று மாதம், நாலு மாதம் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். புதுக் கணினி வந்த நாளுக்கு முந்தைய நாளின் எண்ணைப் போட்டபோதுதான் திரையில் வரிகள் வந்தன. ஆண், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், இடது முழங்காலில் தழும்பு.

கணினிக்காரருக்கு போன் போட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முகவரி வரியில என்ன மேடம் இருக்கு?” என்றார்.

“லோக்கல்ஹோஸ்ட்.”

“மேடம், அந்த வார்த்தைக்கு ‘இங்கேயே’ன்னு அர்த்தம். எந்த மெஷின் சொல்லுதோ அந்த மெஷினுக்கு இங்கே. உள்ள இருக்கிறது சொன்னா உள்ள. வெளியில இருக்கிறது சொன்னா வெளியில. நீங்க வெளியில நின்னு இங்கேயே தேடுன்னு சொல்லியிருக்கீங்க. நான் முதல்ல சோதனைக்குப் போட்ட பிரதி வெளியில கிடக்கு. அதை அழிக்காம விட்டது என் தப்பு. அதைத்தான் இத்தனை நாளா தேடியிருக்கீங்க.”

“அப்ப நான் பதிவு பண்ணதெல்லாம்?”

“எல்லாம் பத்திரமா உள்ள இருக்கு. நீங்க எழுதின இடம் ஒண்ணு, தேடின இடம் இன்னொண்ணு.”

“நாலு நம்பரைப் போட்டேனே, மறுத்துருச்சே?”

“உள்ள இருக்கிற தரவுத்தளம் தன் மெஷின்ல இருந்து வர்ற குரலை மட்டும்தான் கேக்கும். வெளியாளுக்குக் கதவைத் திறக்காது. அதுக்கு உள்ள போய் ஒரு வரி மாத்தணும். அதுக்குத்தான் மேடம் போன் பண்ணச் சொல்லி எழுதியிருந்தேன்.”

அவர் சொல்லச் சொல்ல மாற்றினாள். உள் மெஷினில் ஒரு வரி. கதவைத் திறக்கும் ஒரு கட்டளை. தரவுத்தளத்தை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். வெளியே முகவரி வரியில் ‘இங்கேயே’ என்ற சொல்லை அழித்துவிட்டு நாலு எண்களைப் போட்டாள். இணைந்தது. பத்து நிமிஷ வேலை. பத்து நிமிஷம்தான்.

பிறகு தன் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய முப்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தேடினாள். முப்பத்தேழு பேருக்கு நிஜமாகவே இல்லை. தையல்காரரின் அடையாளத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒட்டிய விரல்கள் என்று போட்டுத் தட்டினாள்.

ஆண், முப்பது வயது மதிக்கத்தக்கவர். சாலையோரம் மயங்கிக் கிடந்தவர், கொண்டுவரும் வழியில் இறப்பு. வலது கால் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியவை. நீலச் சட்டை, காலரில் கடைப் பெயர்ப் பட்டை இல்லை, பொத்தான் துளைகள் கையால் தைத்தவை. பதிவு செய்தவர் என்ற இடத்தில் அவளுடைய எண்.

கையால் தைத்தவை என்று அவள்தான் டைப் செய்திருக்கிறாள். துளைகளைக் குனிந்து பார்த்துத்தான் எழுதியிருப்பாள். எழுதி, சேமித்து, தன் சட்டப்படி துடைத்துப் போட்டுவிட்டாள். எட்டு நாள் கழித்து டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு தையல்காரர் வந்து நின்றபோதும் ஞாபகம் வரவில்லை. உடலை முப்பது நாள் வைத்திருந்துவிட்டு அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் முதல் தடவை வந்த அன்று மகன் கீழேதான் இருந்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவரில்லை, சிக்கலைக் கண்டால் காத தூரம் ஓடுகிற சாதாரண மனுஷன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “இப்பத்தான் பொருந்துச்சுன்னு சொல்லிடுங்க. தேதியைப் பத்திக் கேட்டா மெஷின் கோளாறுன்னுடுங்க. மெஷினுக்கு என்ன ரோஷமா வரப்போகுது?”

“அவரு அன்னிக்கே முகத்தைப் பார்த்திருக்கலாம் சார்.”

“தெரிஞ்சு அவருக்கு என்ன ஆகப்போகுது? துக்கத்தோட இன்னொரு துக்கம். உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் மங்குவதற்குள் கணவர் வந்துவிட்டார். அவளைப் பார்த்ததும் தமாஷ் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

“அவரு சொல்ற மாதிரி சொல்லிட்டா யாருக்கும் தெரியாது. எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்” என்றாள்.

அவர் யோசித்தார். “ஒரு ஆளு கை காட்டிக்கிட்டே நின்னான், நான் கவனிக்காம போயிட்டேன்னு வையி. மறுநாள் அவன் என் பஸ்ல ஏறுறான். பிரேக் பிடிக்கலப்பான்னு சொல்லலாம். அவன் நம்பிடுவான். ஆனா கண்ணாடியில அவன் மூஞ்சி தெரியும்ல, இறங்குற வரைக்கும்?”

அவ்வளவுதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்குத் தையல்காரர் வந்தார். ஜன்னலில் வழக்கம்போல நோட்டை எடுக்கப் போனார். அவள் எழுந்து பக்கக் கதவைத் திறந்தாள்.

“கொஞ்சம் உள்ள வந்து உக்காருங்க ஐயா.”

அவர் உள்ளே வந்தார். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். “இருக்கானா?” என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொல்லாமல் தவிர்த்த சொல் அது. “இருக்கார் ஐயா” என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பிணவறையில் எடுத்து வைத்திருந்த காகிதப் பொட்டலத்தை அவள் மேஜை மேல் பிரித்து வைத்தாள். நீலச் சட்டை. அவர் காலரைத் திருப்பிப் பார்த்தார். பொத்தான் துளைகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். மூன்றாவது துளையில் விரல் நின்றது. “இதுல நூல் கொஞ்சம் பிசகியிருக்கும். அவசரப்படுத்தினான்” என்றார்.

அதற்குப் பிறகு அவள் சொன்னாள். மெஷின் மேல் போடவில்லை. எழுதிய இடம் ஒன்று, தேடிய இடம் வேறு என்றாள். தாளில் போன் பண்ணச் சொல்லி எழுதியிருந்தும் பண்ணவில்லை என்றாள். நீங்கள் முதல் தடவை வந்தபோது உங்கள் மகன் இங்கே வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது, அவருடைய பதிவைப் போட்டதும் நான்தான், எனக்கு ஞாபகம் வரவில்லை, முப்பது நாள் ஆனதும் அடக்கம் செய்துவிட்டார்கள் என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். மேலாளர் கதவருகே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

தையல்காரர் சட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முதல் தடவை நான் வந்தப்ப, எங்கம்மா இருந்தான்?”

“கீழ்தளத்துல.”

“நான் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேனே.”

“அதுக்கு நேர் கீழதான் ஐயா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் சட்டையை மடிக்க ஆரம்பித்தார். கடையில் தைத்து முடித்த துணியை மடிக்கிற மாதிரியே கையை உள்ளே மடக்கி, காலரை மேலே வைத்து மடித்தார்.

“உங்களை என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா. பிறகு தோணும், அப்ப சொல்றேன். இப்ப எனக்கு ஒண்ணு ஆகணும். வீட்டுல அவ வாசல்ல நிப்பா. நான் தலையை ஆட்டலைன்னாலும் நம்ப மாட்டா. நான் போய் இருக்கான்னு சொன்னா, நாலு மாசமா இல்லைன்னாங்களே, உங்களுக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சும்பா. இல்லைன்னு சொன்ன வாயாலயே வந்து சொல்லுங்க.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். மேலாளரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பொட்டலத்தை அவர் மடியில் வைத்திருந்தார். தெருமுனை திரும்பியதும் அவர் நடை தளர்ந்தது. ஏழெட்டு வீடு தள்ளி, பச்சைக் கதவுக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் தலையை நேராக வைத்துக்கொண்டு நடந்தார். அந்த அம்மாளின் கண் அவரிடமிருந்து பின்னால் வருகிறவளிடம் போயிற்று.

“இவங்க யாரு?”

“ஆஸ்பத்திரியில” என்று ஆரம்பித்தவர் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “ஒவ்வொரு மாசமும் இல்லைன்னு சொன்னாங்களே, அவங்க.”

அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததே, அதை மச்சக்காரி சாகும்வரை மறக்கமாட்டாள். எந்தச் சட்டம் போட்டாலும் துடைக்க முடியாது. படியிறங்கி ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானா அது! உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்னு இவர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? நேர்லயே வந்துட்டீங்களே. இந்த மாசமும் இல்லைதானே? வாங்க, வாங்க, உள்ள வாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

பதிலுக்குக் காத்திராமல் அவள் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள். தீப்பெட்டியை உலுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

தையல்காரர் படியிலேயே நின்றுவிட்டார். மச்சக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

“அம்மா, அடுப்பைப் பத்த வைக்காதீங்க” என்றாள்.